ரங்கூனிலிருந்து காரைக்குடிக்கு: செட்டிநாட்டுப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குப் போய்வர நினைக்கும் நம் மியன்மார்த் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று முறை காரைக்குடி போயிருக்கிறேன். கடைசி முறை, எழுபத்தாறு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பயணத்தில் கற்றதுதான் இதில் அதிகம்.

சென்னை, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் இருக்கும்போது ஏன் காரைக்குடி?

தமிழ்நாட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் மதுரை மீனாட்சியையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் பார்க்கத்தான் வேண்டும். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் பர்மாவில் பிறந்த ஒரு தமிழருக்கு, தன் பிறந்த நாட்டையும் பாட்டன் நாட்டையும் ஒரே கூரையின் கீழ் காட்டும் இடம் செட்டிநாடு. அங்குள்ள வீடுகளின் தூண்கள் நம் தேக்கு. அங்கே பந்தியில் பரிமாறும் கருப்பரிசி நம் அரிசி. ஒரு பலகாரத்தின் பெயரே ரங்கூன் புட்டு. சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலுமாகப் பரவிக் கிடக்கும் இந்தப் பகுதியில் இன்று எழுபத்தைந்து ஊர்கள் வரை செட்டிநாட்டு ஊர்களாக எண்ணப்படுகின்றன. காரைக்குடி அவற்றில் பெரியது. அங்கே தங்கிக்கொண்டால் மற்றவற்றுக்குப் போய்வருவது எளிது.

எங்கள் முன்னோர் செட்டியார்கள் அல்லர். மேஸ்திரி பிடித்துக் கப்பலேற்றிய கூலிகள். அந்த மாளிகைகளில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என் அம்மாதான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை அழித்து வயலாக்க விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது; வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கொடுக்கவில்லை. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கொடுத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. ரங்கூனில் அவர்களுடைய தெரு மொகல் தெரு. இன்று நாம் ஷ்வே பொந்தா தெரு என்று நடந்துபோகும் அதே தெரு. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-இல் இருபத்தைந்து பங்கு. பர்மிய விவசாயி நிலமிழந்த கோபத்தை நம் பாட்டன்மாரும் சேர்த்து அனுபவித்தார்கள். வட்டி வாங்காதவரும் இந்தியர் என்பதால் அடிபட்டார்.

அந்த வயலில் நாற்று நட்டதும், மர ஆலையில் தேக்கை அறுத்ததும், துறைமுகத்தில் மூட்டை சுமந்ததும் நம்மவர்களும் சேர்ந்துதான். ஆகவே கானாடுகாத்தானில் ஒரு தேக்குத் தூணின் முன் நிற்கும்போது, அது ஒரு செல்வரின் வீட்டுத் தூண் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அம்மா அந்தத் தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா மர ஆலையிலதான் இருந்தார்" என்று காவல்காரரிடம் சொன்னார். அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன்பிறகு அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எந்த மாதம் போகலாம்? திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில்தான் எங்களுக்கு வசதி.

டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி முடிய மிக நல்லது. பொங்கலை ஒட்டிப் போனால் வீடுகள் திறந்திருக்கும், கோலம் போட்டிருக்கும், வெளியூரிலிருக்கும் உரிமையாளர்களில் பலர் வந்திருப்பார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் ஏப்ரலில் கிளம்புகிறார்கள். கடை அடைப்பு, பள்ளி விடுமுறை எல்லாம் அப்போதுதான் என்பது தெரியும். ஆனால் ஏப்ரல், மே மாதச் செட்டிநாட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். செம்மண் பூமி, காற்றில் ஈரம் குறைவு. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்த வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரையிலும், மாலை நாலரைக்குப் பிறகும் மட்டும் வெளியே செல்லுங்கள். மழையும் நம் கணக்குப்படி வராது. இங்கே மழை ஓய்ந்து தடிங்யுட் பண்டிகைக்கு விளக்கேற்றும் அக்டோபரில்தான் அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும். டிசம்பர் தொடக்கம் வரை நீடிக்கலாம்.

விசாவும் விமானமும்?

மியன்மார்க் கடவுச்சீட்டுக்கு இந்தியா இணையவழிச் சுற்றுலா விசா தருகிறது. அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பறிக்கும். கணினி பழக்கமில்லாதவர்கள் மெர்ச்சன்ட் தெருவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விசாரிக்கலாம். சென்னை, திருச்சி, மதுரை ஆகிய மூன்று விமான நிலையங்களிலும் இந்த இணைய விசாவுடன் இறங்கலாம்.

காரைக்குடிக்கு மிக வசதியான விமான நிலையங்கள் திருச்சியும் மதுரையும். இரண்டும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். திருச்சிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விமானங்கள் நிறைய. ரங்கூனிலிருந்து போகும்போது முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்தால் நடுவழியில் பெட்டிகளை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும்.

சென்னையில் இறங்குகிறவர்களுக்குப் பல்லவன் விரைவு ரயில் இருக்கிறது. பிற்பகலில் கிளம்பி, ஆறு மணி நேரத்தில் இரவு காரைக்குடி சேர்க்கும். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் தொடங்குகிறது. பொங்கல் சமயத்து இடங்கள் திறந்த அன்றே தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் உறவினர் இருந்தால் அவரிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

நாலு இரவு. மூன்றுக்குக் குறைந்தால் போகவே வேண்டாம் என்பேன்.

இரண்டாம் முறை போனபோது ஒரு பயண முகவர் எங்களுக்கு "ஒரே நாளில் செட்டிநாடு" என்று ஏற்பாடு செய்து கொடுத்தார். காலையில் மதுரையில் ஏறினோம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம், மறுபடி மதுரை. கோயில் நடை சாத்தியபின் ஒரு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வீட்டில் பத்து நிமிடம். உடன் வந்த அத்தை முழங்கால் வலி தாங்காமல் பாதி நாள் காரிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபின் எந்த வீட்டை எந்த ஊரில் பார்த்தோம் என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பணத்தில் காரைக்குடியில் இரண்டு இரவு தங்கியிருக்கலாம்.

பழைய செட்டியார் வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன, வாடகை அதிகம். பஸ் நிலையத்தைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. பணம் அளவாக இருந்தால் மூன்று இரவு லாட்ஜ், ஒரே ஓர் இரவு பழைய வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் முற்றத்து வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது அம்மாவுக்குக் கோயில்களைவிடப் பிடித்திருந்தது.

நாம் அங்கே வெளிநாட்டவர் என்பதை மறக்க வேண்டாம். விடுதியார் கடவுச்சீட்டையும் விசாவையும் நகல் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலும் இந்தக் கடமை அந்த வீட்டாருக்கு உண்டு. இது தெரியாத உறவினர்கள் பலர். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வீடுகளுக்குள் விடுவார்களா? உள்ளே எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா வீட்டிலும் விடமாட்டார்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறியிருப்பார்கள். திருமணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் கூடித் திறப்பார்கள். மற்ற நாட்களில் ஒரு காவல்காரர் இருப்பார். கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும் வீடுகள் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இருக்கின்றன. ஆத்தங்குடி லட்சுமி வீடு அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது. கானாடுகாத்தான் அரண்மனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தினுடையது. காரைக்குடி ஊருக்குள் இருக்கும் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டியது. அதை வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு கட்டும் பேசும். தெருவை ஒட்டித் திண்ணை. அடுத்து முகப்பு, கணக்கெழுதிய இடம். அதைத் தாண்டி வளவு. வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. பின்கட்டில் சமையல். முன்வாசலிலிருந்து பார்த்தால் பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள் அவை.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பலமுறை பூசித் தேய்த்தது. நூறாண்டுக்குப் பிறகும் கைக்குக் குளிர்ச்சியாக, கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கிறது. தரையில் இத்தாலியச் சலவைக்கல், சுவரில் பெல்ஜியக் கண்ணாடி என்று காவல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தேக்கைப் பற்றி "பர்மாத் தேக்கு" என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவார்கள். நீங்கள் அங்கே நில்லுங்கள். ஒரே மரத்தில் கடைந்த, இரு கையால் கட்டிப்பிடித்தாலும் சேராத தூண்கள் சில வீடுகளில் இருக்கின்றன. காட்டில் யானை இழுத்து, ஆற்றில் மிதந்து, ரங்கூனில் கப்பலேறி, கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் வந்த மரம் அது. இன்று நம் நாட்டில் அப்படி ஒரு மரத்தைக் காட்டில் காண்பதே அரிது.

போகும்போது காவல்காரருக்கு ஏதாவது கொடுங்கள். அவர்கள் சம்பளம் சொற்பம். அந்த வீடுகள் விழாமல் நிற்பது அவர்களால்தான்.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்க்க முடியுமா?

முடியும், காலையில் போங்கள். சதுரக் கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ தெரியும். மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். சூளையே கிடையாது. கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்தப் பளபளப்பு. நினைவுக்கு ஒன்றிரண்டு வாங்கலாம், ஆனால் நல்ல கனம். விமான எடையை யோசித்து வாங்குங்கள்.

கோயில்கள்?

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஒரு காலையில் இரண்டையும் முடிக்கலாம். பிள்ளையார்பட்டியில் பாறையிலேயே குடைந்த கற்பக விநாயகர். இரண்டே கைகள், வலப்பக்கம் சுழித்த துதிக்கை, வடக்குப் பார்த்த முகம். குன்றக்குடியில் மலைமேல் சண்முகநாதர். படியேற முடியாதவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடலாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டி ஒன்று. இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, மாத்தூர், இரணியூர் போன்ற மற்றவற்றில் கூட்டமே இருக்காது. வைரவன்பட்டிச் சிற்பங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காரைக்குடி ஊருக்குள் கொப்புடையம்மன் கோயில். மதியம் எல்லாக் கோயிலும் நடை சாத்திவிடும். நாலு மணிக்குத்தான் திறக்கும். நம் பகோடாக்கள்போல் நாள் முழுதும் திறந்திருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அருகில் வேறு என்ன?

திருமயம். ஒரு நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் இதுதான். பாறைக்குன்றின் மேல் 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. அடியில் அதே பாறையில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. மாலை வெயில் இறங்கும் நேரத்தில் மேலே ஏறினால் சுற்றியுள்ள ஊரணிகளும் கண்மாய்களும் தெரியும்.

புதுக்கோட்டையைத் தாண்டிச் சித்தன்னவாசல். சமணக் குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். ஓவியம் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, ஆனாலும் போங்கள். பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக்குப் போகலாம். பறவைகள் மிரளும் என்று அந்தச் சுற்றுவட்டார மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மதுரைக்குப் போகும் நாளில் கீழடி அருங்காட்சியகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் திறந்த அந்தக் கட்டடமும் செட்டிநாட்டுப் பாணியில்தான் எழுப்பியது. ராமேஸ்வரத்தை இந்தப் பயணத்தின் ஒரு நாளில் திணிக்க வேண்டாம். அதற்குத் தனியாக ஓர் இரவு வேண்டும்.

சாப்பாடு?

உலகம் முழுதும் "செட்டிநாடு" என்ற பெயரில் விற்கும் மிளகாய்க் காரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் கல்பாசியும் மணக்கும். காரம் அளவாகத்தான் இருக்கும். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சாப்பிடுங்கள்.

கவுனி அரிசியைக் கட்டாயம் கேளுங்கள். இரவு ஊறவைத்து வேகவைத்த கருஞ்சிவப்பு அரிசியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டியிருப்பார்கள். விருந்துகளில் அதற்குத் தனி மதிப்பு. வாயில் வைத்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும்: காலையில் நம் தெருமுனையில் எள்ளும் தேங்காயும் தூவி விற்கும் அதே கௌஞின். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அரிசியோடு பெயரையும் கொண்டுபோனார்கள். கௌஞின் என்ற பர்மியச் சொல்தான் கவுனி ஆயிற்று. பரிமாறிய பெண்ணிடம் அம்மா இதைச் சொன்னபோது, அவர் உள்ளே போய்ச் சமையற்கட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு வந்துவிட்டார்.

பழம்பொருள் கடைகளில் என்ன வாங்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவுகள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், நம் நாட்டு அரக்குப் பெட்டிகள்கூட அங்கே கிடக்கும். எனக்கு அந்தத் தெருவில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. யாரோ ஒருவர் பெயர் பொறித்த பாத்திரம் விலைக்கு வைத்திருப்பதைப் பார்ப்பது வருத்தமாக இருந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்லச் சட்டம் அனுமதிக்காது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விமான நிலையத்தில் பிடிப்பார்கள். அதற்குப் பதில் கண்டாங்கிச் சேலை வாங்குங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டிப் பருத்தி, அகலக் கட்டம். நெய்கிறவருக்கும் நாலு காசு சேரும்.

பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிரமமா?

பேச்சுக்குச் சிரமமில்லை. ஆனால் உள்ளூர் பஸ்களின் பலகைகள் பெரும்பாலும் தமிழில் மட்டும் இருக்கும். கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் கோயில் வகுப்புக்கு அனுப்புங்கள், அல்லது நீங்களே தினமும் அரைமணி நேரம் சொல்லிக்கொடுங்கள். என் அக்கா மகன் "காரைக்குடி" என்று பஸ் பலகையைத் தானாகப் படித்த அன்று, வந்த காரியம் பாதி முடிந்தது என்று நினைத்தேன்.

பணம், போன், சாலை?

நம் மியன்மார்ப் பணமான சாட் நோட்டை அங்கே யாரும் மாற்றித்தர மாட்டார்கள். கசங்காத டாலர் கொண்டுபோய்த் திருச்சியிலோ சென்னையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். கடைகளில் எல்லோரும் போனில் பணம் அனுப்புவார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு ரொக்கம்தான் வசதி, சில்லறையாக வைத்திருங்கள். நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால்.

ஒன்றை மட்டும் பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: அங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். நாம் பழகிய பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அம்மாவை நான் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தேன்.

பாட்டனாரின் கிராமத்தைத் தேட முடியுமா?

ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் நாலைந்து ஊர்கள் இருக்கும். குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு வையுங்கள். அய்யனாரா, முனியா, அம்மனா, எந்தக் கண்மாய்க் கரையில், பங்குனியிலா மாசியிலா கும்பிடு என்று வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். பழைய கடிதங்களின் தபால் முத்திரையைப் பாருங்கள். அந்த ஊருக்குப் போனால் முதலில் பூசாரியைப் பாருங்கள், பிறகு கிராம நிர்வாக அலுவலரை. நிலம் கேட்டு வந்திருக்கிறீர்களோ என்று சிலர் தயங்குவார்கள். "கும்பிட்டுவிட்டுப் போக வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முகம் மாறும்.

காரைக்குடியில் பர்மா காலனி என்று ஓர் இடம் இருப்பது உண்மையா?

உண்மை. 1964-இல் நம் நாட்டில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையானபின், இந்தியர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கப்பலேறினார்கள். நகையையும் பணத்தையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அரசு குடியிருப்பு அமைத்துக் கொடுத்தது. திருச்சியிலும் சென்னையிலும் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் பர்மா என்ற பெயர் அப்படித்தான் தங்கியது. சென்னையில் பர்மா பஜார் பக்கம் மாலையில் அத்தோ, மொகிங்கா என்ற நம் பர்மிய நூடுல்ஸ் உணவுகளை விற்கிறார்கள்.

காரைக்குடிப் பர்மா காலனியில் பார்ப்பதற்கென்று ஒன்றும் இல்லை, சாதாரணத் தெருக்கள். வந்தவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பர்மியம் தெரியாது. ஆனாலும் ஒரு மாலை போய் வாருங்கள். நாங்கள் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, ரங்கூன் என்றதும் அம்மாவிடம் பர்மியத்தில் கேட்டது, "சாப்பிட்டாயா?" என்று. அறுபது வருடமாகப் பேசாத மொழி. இருவரும் இருட்டும் வரை பேசினார்கள். அம்மா பையில் கொண்டுபோயிருந்த முகத்தில் பூசும் தனக்கா ஒரு டப்பியை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தார். நீங்கள் போகும்போது இரண்டு மூன்று டப்பி கூடுதலாக எடுத்துப் போங்கள்.